விளக்கணையா அரங்கு
(இலண்டன் வாழ் பழைய மாணவன் ஒருவன்)

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று எழுதி அனுப்புமாறு மலர்க் குழுவினரிடமிருந்து கடிதம் வந்த நாள்முதல், எதைப்பற்றி எழுதுவது என்னும் எண்ணமே என்னை அலைத்து வந்தது. கல்லூரியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் எழுத என்னிலும் தகுதி வாய்ந்தோர் பலருளர். கிரிக்கெட் ஆட்டத்திற் பெற்ற வெற்றிகளை ஆடியவர்களே எழுதுவர், ஆடாதவர்களும் எழுதுவர். விடுதிச்சாலைச் சாம்பாரைப்பற்றிய கட்டுரை இல்லாத மலர் எதனையும் நான் கண்டதில்லை. எனக்குக் கல்லூரியோடு உள்ள தொடர்பில் மிகுதியானது பிரார்த்தனை மண்டபத்து மேடையையும், ஆண்டுதோறும் அதில் நடைபெற்ற நாடக விழாவையும் பற்றியது. 1974 இற் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னரும், வாழ்க்கை என்னை இலண்டன் மாநகரிற் கொண்டுபோய் இருத்திய பின்னரும், நாடகம் பார்க்கும் பழக்கம் என்னை விட்டு நீங்கவில்லை. ஆகவே நாடகத்தைப்பற்றியே எழுதுகின்றேன். ஆயினும் நடிப்பவர்களைப்பற்றி எழுதவில்லை. பார்க்க வருபவர்களைப்பற்றி, அவர்களுள்ளும் பார்க்க வரமுடியாதிருந்தவர்களைப்பற்றி எழுதுகின்றேன்.

என் தமக்கையாருக்கு ஒரே மகன். 1988 இல் இலண்டனிற் பிறந்தவன். மூன்று வயதாகியும் பேச்சு வராதிருந்தமையால் வைத்தியர்களிடம் கொண்டு சென்றபோது, ஓட்டிசம் என்னும் நிலையும் அதனோடு கற்றற் குறைபாடும் அவனுக்கு உண்டெனக் கூறினர். ஈண்டு ஒரு சொல்லைத் தெளிவாக்குதல் வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிப்பதில் மாத்திரம் இடர்ப்படும் பிள்ளைகளையும் நம்மவர் இப்பெயராற் குறிப்பதுண்டு. இங்கிலாந்திலே இச்சொல்லுக்குப் பொருள் வேறு. புதியதொன்றை விளங்கிக்கொள்வதும், நாளாந்த அலுவல்களைத் துணையின்றிச் செய்வதும் வாழ்நாள் முழுவதும் கடினமாயிருக்கும் நிலையையே அது சுட்டுகின்றது. டவுன் சின்ட்ரோம் உடையோரும், ஓட்டிசம் உடையோருட் சிலரும் இதனுள் அடங்குவர். பிரித்தானியாவில் இத்தகையோர் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் உளரென மதிப்பிடப்படுகின்றது. நம் ஊர்களில் இவர்களுக்கு வழங்கிய பெயர்களை எழுத மனம் வரவில்லை, வாசகர் அறிவர்.

என் மருமகனுக்குப் பேச்சுக் குறைவு, பாட்டு மிகுதி. ஆங்கில இசை நாடகங்களின் இசைத்தட்டுக்களை ஆயிரம் முறை கேட்டு, முதலிலிருந்து இறுதிவரை ஒரு சொல்லும் பிசகாமற் பாடுவான். பாட்டுக்களின் வரிசை மாறினால் அவனுக்குப் பொறாது. ஒரு தட்டிலே பாடகர் மூச்சு வாங்கும் இடமொன்று உண்டு; அவ்விடத்தில் தானும் மூச்சு வாங்குவான். இவ்வளவு தெரிந்த பிள்ளைக்கு அந்த நாடகத்தை மேடையிற் காட்டவேண்டும் என்று 2010 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அக்காவும் நானும் அவனை இலண்டன் நகர மையத்திலுள்ள அரங்கொன்றுக்கு அழைத்துச் சென்றோம்.

விளக்குகள் அணைந்தன. மேடையில் முதற் பாட்டுத் தொடங்கிற்று, அவனும் தொடங்கினான். சுருதி பிசகவில்லை. ஆனால் அருகிருந்தோர் கேட்க வந்தது அவன் பாட்டையன்று. முன் வரிசையிலே தலைகள் திரும்பின. யாரோ ஒருவர் நாவைக் கொட்டினார். பதினைந்து நிமிடம் சென்றிராது, பணியாளர் ஒருவர் சிறு கைவிளக்குடன் வந்து எங்கள் கதிரையருகே முழந்தாளிட்டு மெல்லிய குரலிற் பேசினார். மிக்க மரியாதையாகவே பேசினார். வெளிக்கூடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி உண்டென்றும், மேடையில் நடப்பது அதிலே தெரியுமென்றும், அங்கே வசதியாக இருந்து பார்க்கலாமென்றும் கூறினார். நான் மறுமொழி சொல்ல வாயெடுக்குமுன் அக்கா எழுந்துவிட்டார். "விடு தம்பி, வீட்டை போவம்" என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பிள்ளை ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தான். "முடிஞ்சுதா மாமா? முடிஞ்சுதா?" தட்டிலே பதினெட்டுப் பாட்டு இருக்க, இரண்டாம் பாட்டோடு நாடகம் முடிந்துபோன விந்தையை அவனால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அதன் பின்னர் மூன்று ஆண்டுகள் அக்கா அவனைக் கூட்டம் கூடும் இடம் எதற்கும் அழைத்துச் செல்லவில்லை. கோயிலுக்குப் போனாலும் வெளிவீதியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார். அந்த அரங்கின் பெயரை எழுதவேண்டிய தேவையில்லை. அந்நாளில் வேறெந்த அரங்குக்குப் போயிருந்தாலும் அதுவே நடந்திருக்கும்.

இருட்டிலே வாய்மூடி இருந்து பார்ப்பதுதான் நாடகம் என்பது ஆதிதொட்டு வந்த நியதியா என்னும் கேள்வி அன்றுமுதல் என்னைத் தொடர்ந்தது. நூலகங்களில் இருந்து படிக்கும் பழக்கத்தைக் கல்லூரி எனக்குத் தந்திருந்தபடியாற் சில செய்திகளைத் திரட்டினேன். சேக்ஸ்பியரின் நாடகங்கள் குளோப் அரங்கிலே பகல் வெளிச்சத்தில், திறந்த வானத்தின் கீழ் நடிக்கப்பட்டன. குறைந்த கட்டணம் கொடுத்தோர் மேடையைச் சுற்றி நின்றுகொண்டே பார்த்தனர். பின்னர் கூரையிட்ட அரங்குகள் வந்தபோதும் சபையோருக்கு மேலே மெழுகுவர்த்திகள் நாடகம் முடியுமட்டும் எரிந்துகொண்டிருந்தன. 1817 இல் இலண்டனின் பெரிய அரங்குகளுக்கு வாயு விளக்கு வந்தது. அப்போதும் சபை வெளிச்சத்திலேயே இருந்தது. 1876 இல் ஜேர்மனியின் பைறொயிற் நகரில் வாக்னர் தமது இசை நாடகங்களுக்கெனக் கட்டிய அரங்கிலே சபையை இருளில் ஆழ்த்தினார். இலண்டனிலே 1878 இல் லைசியம் அரங்கைப் பொறுப்பேற்ற ஹென்றி ஏர்விங் என்னும் பெருநடிகர், நாடகம் நடக்கும்போது சபை விளக்குகளைத் தாழ்த்துவதை ஒரு வழக்கமாக்கினார். 1881 இல் சவோய் அரங்கு முழுவதும் மின்விளக்கு அமைத்துத் திறக்கப்பட்டது. அதன்பின் ஒரு விசையைத் திருப்பினால் இருட்டு. ஆக, சபை இருளில் மௌனமாயிருக்கும் வழக்கத்துக்கு வயது நூற்றைம்பதுதான்.

இருட்டைக் குறை கூறுவது என் கருத்தன்று. இருட்டும் மௌனமும் நடிப்பிலே நுண்மையை வளர்த்தன. பெருமூச்சு ஒன்றுகூடக் கடைசி வரிசைக்கு எட்டுவது அவற்றாலேயே. நானும் அந்த இருட்டை விரும்புகின்றவன். ஆனால் ஒரு வழக்கம் ஒரு காலத்திலே ஒரு தேவைக்காக உண்டாக்கப்பட்டதென்று தெரிந்தால், வேறொரு தேவைக்காக அதை ஒருநாள் தளர்த்தலாம் என்பதும் தெரிந்துவிடுகின்றது.

நமக்கு அந்த நூற்றைம்பது ஆண்டுகளும் இல்லை. மட்டக்களப்பிலே கூத்து வட்டக்களரியில் விடியவிடிய நடந்தது. சபையோர் களரியைச் சூழ இருந்தனர். யாழ்ப்பாணத்திலே காத்தவராயன் கூத்தும் அரிச்சந்திர மயான காண்டமும் கோயில் வீதியில் நடந்தன. நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நடித்துப் பெற்ற புகழை என் வயதினர்க்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பெற்றோமாக்ஸ் வெளிச்சம் மேடைக்கும் மணலுக்கும் பொதுவாகவே விழும். பாய் விரித்துப் படுத்திருப்போர், கச்சான் கொறிப்போர், குழந்தைக்குப் பால் கொடுப்போர், எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவோர் எல்லோரும் சேர்ந்ததே சபை. எங்கள் ஊரிலே பிறவியிலேயே அறிவு முழுதும் வளராத ஒருவர் இருந்தார். கிராமத்துச் சபா ஆடும் மயான காண்டத்துக்கு அவர் தவறாமல் வந்து, ஆர்மோனியக்காரருக்கு அருகிலேயே இடம்பிடித்து இருப்பார். லோகிதாசனின் உடலைச் சந்திரமதி மடியிற் கிடத்தி அழும்போது அவரும் குரலெடுத்து அழுவார். ஆர்மோனியக்காரர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவர் ஓயும்வரை காத்திருப்பார். பின்னர் பாட்டுத் தொடரும். அவரை எழுப்பி வெளியே அனுப்பவேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றியதில்லை. அவரைக் கேலி செய்து கூத்தாட்டிய இளைஞர்களும் அதே மணலில் இருந்தார்கள் என்பதையும் எழுதாவிடின் உண்மை முழுமையாகாது. பழங்காலம் பொற்காலமன்று. ஆயினும் அவருக்கு அங்கே இடமிருந்தது.

நமது பிரார்த்தனை மண்டபத்திலே அந்த இடம் இருக்கவில்லை. திரைச்சீலையும் வரிசைக் கதிரையும் மௌனமும் ஆங்கிலக் கல்வியோடு சேர்ந்து வந்தவை. நாடக விழா இரவில் மாணவ தலைவர்கள் கதவுகளைச் சாத்தி, கையிலே பட்டி அணிந்து, "உஷ்" என்ற ஓசையால் முழு மண்டபத்தையும் ஆண்டதை என் சகபாடிகள் மறந்திருக்கமாட்டார்கள்.

மீண்டும் இலண்டனுக்கு வருவோம். 2011 ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூ யோர்க் நகரின் பிராட்வே அரங்குகளிலே முதன்முறையாக ஓட்டிசம் உடையோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்குமென ஒரு காட்சி நடத்தப்பட்டது. நாடகம் 'லயன் கிங்'. 2013 மே மாதத்தில் அதே நாடகத்துக்கு இலண்டனிலும் அத்தகைய காட்சி நடைபெற்றது. நடைபெற்ற இடம் லைசியம் அரங்கு. ஏர்விங் விளக்கைத் தாழ்த்திய அதே லைசியம்! கட்டடத்தின் உட்பகுதி 1904 இற் புதிதாக எழுப்பப்பட்டதாயினும் இடம் அதுவே. இச்செய்தியைப் படித்த அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை வரலாற்றாசிரியர் எவரும் விளங்கிக்கொள்வர்.

இத்தகைய காட்சியை ஆங்கிலத்தில் 'ரிலாக்ஸ்ட் பெர்போமன்ஸ்' என்கின்றனர். 'தளர்நிலைக் காட்சி' என நான் எழுதுகின்றேன். இதனினும் நல்ல சொல்லைத் தமிழாசிரியர்கள் தருவராயின் மகிழ்ந்து ஏற்றுக்கொள்வேன். அவ்வாண்டு நத்தாருக்கு முன், எங்கள் புறநகர் அரங்கிலே நடைபெறும் சிறுவர் கேளிக்கை நாடகத்துக்கு ஒரு தளர்நிலைக் காட்சி உண்டென அறிந்து அக்காவிடம் சொன்னேன். "இன்னொருக்கா எழும்பி வர என்னாலை ஏலாது" என்றார். அது போதுமான மறுமொழி. ஆனால் அரங்கிலிருந்து தபாலில் வந்த ஒரு சிறு புத்தகம் அவருடைய மனத்தை மாற்றிற்று.

பன்னிரண்டு பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு நிழற்படமும் இரண்டு வரியும். முதற் பக்கத்தில் அரங்கின் முகப்பு. அடுத்ததில் நுழைவுச் சீட்டைப் பார்க்கும் பெண், தம் சிவப்புச் சட்டையோடு. பின்னர் படிக்கட்டு, கதிரை, மேடை, கழிப்பறை. ஆறாம் பக்கத்திலே வில்லனாக நடிப்பவர் இரண்டு படங்களில் இருந்தார். ஒன்றிற் கறுப்பு மேலங்கியோடும் வரைந்த புருவத்தோடும், மற்றதில் சாதாரணச் சட்டையோடு தேநீர்க் கோப்பையும் கையுமாக. எந்த இடத்தில் உரத்த ஓசை வரும், எந்த இடத்திற் புகை வரும் என்றும் எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் எல்லோரும் வாயிலால் வெளியேறும் படம். 1990களின் தொடக்கத்தில் கரோல் கிரே என்னும் அமெரிக்க ஆசிரியை ஓட்டிசம் உடைய பிள்ளைகளுக்கென வகுத்த கதை முறையிலிருந்து இது வளர்ந்ததென்று பின்னர் அறிந்தேன். ஓட்டிசம் உடையோர் பலருக்கு ஓசையிலும் கூட்டத்திலும் உள்ள கொடுமை, அவை எப்போது வரும் என்று தெரியாமையால் இரட்டிப்பாகின்றது. வரப்போவது தெரிந்துவிட்டால் தாங்கும் வலிமையும் வந்துவிடுகின்றது. மருமகன் அப்புத்தகத்தை மூன்று கிழமை தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு படுத்தான். இசைத்தட்டைப் போல அதுவும் வரிசையாக அவன் மனத்திற் பதிந்தது.

அன்று அரங்கிலே கண்டவற்றைச் சற்று விரிவாக எழுத வாசகர் இடங்கொடுக்கவேண்டும். வாயிலிற் சிவப்புச் சட்டைப் பெண் படத்தில் நின்றபடியே நின்றார். அரங்கில் வழமையாக விற்கும் சீட்டுக்களில் ஒரு பகுதியை விற்காமல் விட்டிருந்தபடியாற் குடும்பத்துக்குக் குடும்பம் இடைவெளி இருந்தது. துணையாக வருபவருக்குக் கட்டணம் இல்லை. சபை விளக்குகள் பாதி ஒளியில் இறுதிவரை எரிந்தன. ஒலிபெருக்கி தாழ்த்தப்பட்டிருந்தது, கண்ணைப் பறிக்கும் விட்டுவிட்டெரியும் விளக்கும் வெடியோசையும் நீக்கப்பட்டிருந்தன. கதவுகள் திறந்தே கிடந்தன. பக்கத்தறை ஒன்றிலே மெத்தையும் தலையணையும் இட்டு, ஓசை பொறாதவர் போய் இருப்பதற்கு ஒழுங்கு செய்திருந்தனர். நாடகம் தொடங்குமுன் நடிகர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து தம் பெயரையும் தாம் ஏற்கும் பாத்திரத்தின் பெயரையும் சொல்லினர். வில்லன் தம் மேலங்கியைக் கழற்றிக் காட்டி, மீண்டும் அணிந்துகொண்டார்.

பின்னர் நாடகம் தொடங்கிற்று. ஒரு வாலிபர் நாடகம் முழுவதையும் நடைபாதையிலே மேலுங் கீழும் நடந்தபடி பார்த்தார். ஒரு சிறுமி இரண்டு காதையும் பொத்தும் செவிக்கவசத்தோடு மேடைக்கு முதுகு காட்டி இருந்தாள். ஆனால் பாட்டு வரும்போதெல்லாம் அவளது கால் தாளமிட்டது. எங்கள் பிள்ளை மூன்று முறை வெளியே போய் மூன்று முறை திரும்பி வந்தான். நான்காம் முறை எழுந்தவன் கதவுவரை சென்று, கதவு திறந்தே இருக்கின்றது என்பதைக் கண்டு, திரும்பி வந்து இருந்துகொண்டான். வெளியே போக முடியும் என்று தெரிந்தபின் போகவேண்டிய தேவை குறைந்துவிட்டதுபோலும். நடிகர்கள் சபையிலிருந்து எழும் கூச்சலுக்குத் தடுமாறவில்லை. சில இடங்களில் அதற்கும் மறுமொழி சொல்லிவிட்டுத் தொடர்ந்தனர். கேளிக்கை நாடகத்தில் வில்லனைப் பார்த்துச் சபை கூவுவது ஆங்கிலேயரின் பழைய மரபு. ஆண்டு முழுவதும் அரங்கில் வாய்மூடி இருக்கும் அச்சாதியார் நத்தாருக்கு மாத்திரம் தமக்குத் தாமே அளித்துக்கொள்ளும் சலுகை அது.

நான் பெரிதும் கவனித்தது அக்காவை. முன்பெல்லாம் வெளியிடங்களிலே அவருடைய கண் பிள்ளையின் வாயையும் முன் வரிசைத் தலைகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்று அவர் நாடகத்தைப் பார்த்தார். இறுதியில் எல்லோரும் கைதட்டி ஓய்ந்ததும், மருமகன் சட்டைப்பையிலிருந்த புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, படத்தையும் வாயிலையும் ஒப்புநோக்கிவிட்டு, "முடிஞ்சுது" என்று எழுந்தான்.

இவ்வளவும் நன்மையே எனினும் குறைகளும் உள. தளர்நிலைக் காட்சிகளிற் பெரும்பாலானவை சிறுவர் நாடகங்களுக்கே நடைபெறுகின்றன. அதுவும் ஓட்டம் முழுவதிலும் ஒரேயொரு காட்சி, பெரும்பாலும் பிற்பகலில். கற்றற் குறைபாடு உடையோர் எக்காலமும் சிறுவராகவே இருப்பர் என்பதுபோல் ஒரு நினைப்பு இதனுள் மறைந்திருக்கின்றது. என் மருமகனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது கடந்துவிட்டது. துன்பியல் நாடகத்தையும் அவன் பார்க்கலாம், அழவும் செய்வான்.

இரவுக் காட்சிக்கு மற்றுமொரு தடை உண்டு. அக்கா 2019 இற் காலமானார். பிள்ளை இப்போது வேறு மூவரோடு ஓர் இல்லத்தில் வாழ்கின்றான். பணியாளர் முறைவைத்து வந்து துணையிருக்கின்றனர். முறை மாறும் நேரம் இரவு பத்து மணியாயின் ஒன்பது மணிக்கே நாடகத்தை விட்டு எழுந்துவிடவேண்டும். பிரைற்றன் நகரிலே 'ஹெவி லோட்' என்றொரு இசைக்குழு இருந்தது. அதிற் கற்றற் குறைபாடு உடையோரும் இல்லாதோரும் சேர்ந்து வாசித்தனர். தம்மைப் போன்றோர் நிறைந்த சபை ஒன்பது மணியானதும் வெறுமையாகிவிடுவதை மேடையிலிருந்து கண்ட அக்குழுவினர், பணியாளரின் நேரமுறையே காரணமென அறிந்து, 'ஸ்டே அப் லேட்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். இரவு நெடுநேரம் விழித்திருங்கள் என்பது அதன் பொருள். நாடக அரங்கு எவ்வளவு இடங்கொடுத்தாலும், வீட்டிலிருந்து அரங்குவரை உள்ள ஒழுங்கு முழுவதும் இசைந்து வந்தாலன்றி ஒருவர் கதிரையில் வந்து இருக்கமுடியாது. எனக்கும் எழுபது அணுகிவிட்டது. நான் இல்லாத காலத்திலும், அவனை அதுவரை அறிந்திராத ஒரு பணியாளர் அச்சமின்றி அவனை அழைத்துச் செல்லக்கூடியதாக அரங்குகள் இருக்கவேண்டும் என்பதே இவ்விடயத்தில் எனக்குள்ள தனிப்பட்ட கவலை.

மற்றையோரின் உரிமை என்னாகும் என்று கேட்பாருமுளர். கேள்வி நியாயமானதே, விலை கொடுத்துச் சீட்டு வாங்கியவர் நாடகத்தைக் கேட்க விரும்புவது குற்றமாகாது. இதற்கு மறுமொழியாக நான் எண்ணிப் பார்ப்பது 2015 செப்டெம்பரில் நியூ யோர்க்கில் நடந்த ஒரு சம்பவம். 'த கிங் அன்ட் ஐ' என்னும் நாடகத்தின் பகற் காட்சியிலே, சாட்டையடிக் காட்சி நடக்கும்போது ஓட்டிசம் உடைய சிறுவன் ஒருவன் வீரிட்டான். சபையிலே சிலர் தாயை நோக்கிச் சினந்து முணுமுணுத்தனர். அவர் பிள்ளையை வெளியே கொண்டுபோகப் பெரிதும் முயன்றார். அந்நாடகத்தில் நடித்த கெல்வின் மூன் லோ என்பவர் அன்றே முகநூலில் அத்தாயின் பக்கம் நின்று எழுதினார். அது உலகமெங்கும் படிக்கப்பட்டது. எனக்குத் தோன்றுவது இது: மேடையிலே ஒரு மனிதப் பிறவியைச் சாட்டையால் அடிக்க ஓங்குகின்றனர், ஒரு பிள்ளை அலறுகின்றான். அக்காட்சியை எழுதியவர் சபையிடம் எதிர்பார்த்ததற்கு மிக அண்மையில் நின்றவன் அவன் அல்லவா?

தனிக் காட்சி வைப்பதோடு அமையாமல் அரங்கையே மாற்றியோரும் உளர். ஜெஸ் தொம் என்னும் நடிகைக்குத் தம் விருப்பமின்றியே ஓசையும் சொல்லும் அசைவும் எழும் துரெத் என்னும் நிலை உண்டு. 2011 இல் ஒரு காட்சியைப் பார்க்கச் சென்றபோது, ஒலிக் கருவிகள் வைக்கும் கூண்டினுள் இருந்து பார்க்குமாறு அவரைக் கேட்டுக்கொண்டனர். எழுப்பிவிடப்படாத கதிரை மேடையில் மாத்திரமே உண்டென முடிவுசெய்த அவர், 2014 இல் எடின்பரோ விழாவிலே தாமே ஒரு நாடகத்தை மேடையேற்றினார். பின்னர் அவரது துணையோடு இலண்டனிலுள்ள பற்றசி கலை நிலையம் 2020 இற் தன்னைத் தளர்நிலை நிலையமாக அறிவித்தது. அங்கே தளர்வு ஒருநாட் சலுகையன்று. இயன்றவரை எல்லாக் காட்சிகளுக்கும் உரியது.

மேடைக்கு மேலே நிற்போரைப்பற்றியும் ஒரு சொல். வுல்ப்காங் ஸ்டாங்க என்பவர் 1980 இல் இலண்டனில் உருவாக்கிய அமிச்சி நடனக் குழுவிலே கற்றற் குறைபாடு உடையோர் மற்றையோருக்குச் சமமாக ஆடுகின்றனர். அவரே இலங்கைக்கும் வந்து பயிற்சியளித்தார். 2000 ஆம் ஆண்டில் அவரும் சுனேத்திரா பண்டாரநாயக்க அவர்களும் சேர்ந்து தொடங்கிய சுனேரா நிறுவனம் நம் நாட்டிலே இப்பணியைச் செய்துவருகின்றது. ஆகவே இது சீமைக்கே உரிய சரக்கென்று எவரும் தள்ளிவிடவேண்டியதில்லை.

சட்டமும் நம்மிடம் உண்டு. 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் குறைபாடுகள் உள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. அத்தகையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 30 ஆம் உறுப்புரை பண்பாட்டு வாழ்விலே பங்குகொள்ளும் உரிமையைக் கூறுமிடத்து, அரங்குகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றது.

இனி இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரியத்தைச் சொல்லுகின்றேன். யூபிலி ஆண்டு நாடக விழாவில் ஒரு காட்சியை, ஒரேயொரு முற்பகற் காட்சியை, தளர்நிலைக் காட்சியாக நடத்தும்படி நாடக மன்றத்தாரை வேண்டுகின்றேன். கோண்டாவிலிலுள்ள சிவபூமிப் பாடசாலை போன்றவற்றிலும், பல பாடசாலைகளின் விசேட கல்வி அலகுகளிலும் பயிலும் பிள்ளைகள் உளர். பாடசாலைப் பருவம் கடந்து வீட்டுத் திண்ணையிலே இருப்போர் அவர்களினும் பலர். அவர்களையே முதலில் அழைக்கவேண்டும். உடன்பிறந்தாரும் வரட்டும். அவர்களுக்கும் அண்ணனோடு சேர்ந்து நாடகம் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியிராது.

பணச் செலவு மிகக் குறைவு. கவனச் செலவுதான் பெரிது. மண்டபத்து விளக்குகளிற் பாதி எரியட்டும். ஒலிபெருக்கியைக் குறைத்து வையுங்கள். அது மற்றைய நாட்களுக்கும் நன்று. முன்னே சில வரிசைக் கதிரைகளை அகற்றிப் பாய் விரிக்கலாம். அடுத்துள்ள வகுப்பறை ஒன்றை ஓய்வறையாக்கலாம். பறையும் வெடியும் உண்டெனில் எந்தக் காட்சியில் என்று முன்னரே அறிவிக்கவேண்டும். நாடகம் ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படாதிருத்தல் நலம். கதவருகே நிற்கும் மாணவருக்கு மூன்று விடயங்களைச் சொல்லிக்கொடுத்தாற் போதும்: உற்றுப் பார்க்காதே, கேட்காமற் கையைப் பிடிக்காதே, பேசவேண்டியதை அவரிடமே பேசு, அம்மாவிடம் அல்ல. பொன்னாடை வேண்டாம், வருவோரை மேடையில் நிறுத்திப் படம் எடுப்பதும் வேண்டாம். அவர்கள் அன்று சபையோர். பிரதம விருந்தினர் உரையும் வேண்டாம். உரையில்லாத நாடக விழா ஒன்று நமது கல்லூரியில் நடைபெறுமாயின் ஏனைய சபையோரும் அதனை மறுக்கமாட்டார்கள் என்றே எண்ணுகின்றேன்.

படப் புத்தகத்தை உயர்தர வகுப்பு மாணவர்கள் தாமே ஆக்கலாம். மாதிரிக்கென மருமகனின் பழைய புத்தகத்தைப் பிரதி எடுத்து நாடக மன்றப் பொறுப்பாசிரியருக்கு அனுப்பிவைத்துள்ளேன்; மூலத்தைத் தர அவன் இசையவில்லை. அதைப் பின்பற்றி ஆக்கும்போது மூன்றாம் பக்கத்துக்கு மண்டபத்தின் மேற்குப் பக்கக் கதவின் நிழற்படம் தேவைப்படும். வெயிலும் கூட்டமும் குறைந்த வாயில் அதுவே. என் காலத்தில் அக்கதவுக்கு வெளியே இரண்டு படிகள் இருந்தன. மாரி காலத்திலே மரம் ஊதி, கதவு திறக்கவும் மாட்டாது, திறந்தாற் சாத்தவும் மாட்டாது. விழா கார்த்திகையிலாயின் தச்சரிடம் முன்னரே காட்டிவைப்பது நல்லது.